பட்டம் வந்தாச்சு, பயிற்சி பாக்கி

கேள்வி: மகள் அமெரிக்காவில் எம்.ஆர்க். முடிக்கிறாள். உடனே ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கூடாதும்மா. மாநில உரிமம் பெற்றவருக்கே அந்தப் பெயர். பொதுவாக அதற்கு ஏ.எக்ஸ்.பி. என்னும் கட்டடக்கலை அனுபவப் பயிற்சி 3,740 மணி நேரம் வேண்டும். அலுவலக நிர்வாகம் முதல் கட்டுமானமும் மதிப்பீடும் வரை ஆறு பிரிவுகள். இதில் குறைந்தது 1,860 மணி நேரம் கட்டடக்கலை நிறுவனத்தில், உரிமம் பெற்றவரின் மேற்பார்வையில் கழியவேண்டும். ஏ.ஆர்.இ. என்னும் உரிமத் தேர்வின் தாள்கள் ஆறு, தனி.

நான் அழுத்திச் சொல்வது பதிவைத்தான். உழைத்த நேரத்தை எட்டு மாதத்துக்குள் பதிந்தால் முழு மதிப்பு, தவறினால் பாதிதான். பிள்ளைகள் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். இன்னொன்று, வரைபட வேலையிலேயே உட்காரவைக்கும் நிறுவனமென்றால், கட்டுமானத் தளத்துக்கும் அனுப்பும்படி இப்போதே கேட்கச் சொல்லுங்கள். எந்தப் பிரிவிலும் குறை வைக்க முடியாது.