பேரணி போதாது: வார்டு அளவில் போதை மாத்திரையைத் தடுக்க ஒரு செயல்முறை

டான்ஸ் கிளப்புகளுக்குப் பேர்போன ஊர் அல்ல திருநின்றவூர். பக்தவத்சலப் பெருமாள் கோயில், ஏரி, காலையில் வரிசை கட்டும் கல்லூரி பஸ்கள், அரக்கோணம் மார்க்கத்து மின்சார ரயில் என்றுதான் ஊரைச் சொல்வோம். அதனால் போதை மாத்திரை பற்றிப் பேச்செடுத்தால், "அதெல்லாம் ஈசிஆர் பார்ட்டி சமாச்சாரம் சார், நம்ம ஊருக்கு எதுக்கு?" என்று ஒருவராவது கேட்பார்.

கிளப் போதைக்கு இப்போது கிளப்பே வேண்டாம். பிறந்தநாளுக்கு எடுத்த பண்ணை வீடு, நாலு பேர் சேர்ந்து தங்கும் வாடகை அறை, தண்டவாளத்தை ஒட்டிய இருட்டு, இவற்றில் ஒன்று போதும். மெத்தாம்பெட்டமின் தயாரிக்க முயன்றதாகக் கல்லூரி மாணவர்கள் 2024 அக்டோபரில் பிடிபட்டது கொடுங்கையூரில், குடியிருப்புப் பகுதியில் இருந்த ஒரு வீட்டில்.

2021-ல் திருநின்றவூர் பேரூராட்சி நகராட்சியானது. 2022 ஜனவரியில் ஆவடிக்குத் தனிப் போலீஸ் கமிஷனரேட் வந்தது. பிடிப்பது போலீஸ் வேலை. முதல் மாத்திரை பையனின் கைக்கு வராமல் பார்த்துக்கொள்வதில் பாதி நகராட்சியின் வேலை. இந்தக் கட்டுரை கவுன்சிலருக்கும், பகுதி சபா உறுப்பினருக்கும், குடியிருப்போர் சங்கத்துக்கும், பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோருக்கும் எழுதப்பட்டது. பேரணிக்குப் பேனர் அடிக்கும் முன் படித்துவிடுங்கள்.

முதலில், உங்கள் வார்டில் புழங்குவது எது?

பேப்பரில் படித்ததை வைத்து முடிவுக்கு வராதீர்கள். எம்டிஎம்ஏ, "ஐஸ்" என்கிற மெத், "ஸ்டாம்ப்" என்கிற எல்எஸ்டி, கெட்டமின் ஆகியவற்றைத்தான் கிளப் போதை என்கிறார்கள். இவற்றுக்குப் பணம் வேண்டும். பணமில்லாத பையன் வேறு வழியில் போகிறான். ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்து வழக்குகளில் அடிக்கடி அடிபடுவது "வலி மாத்திரை". மருத்துவர் சீட்டில் மட்டுமே தரவேண்டிய டேபென்டடால் போன்ற மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள். இன்னும் சின்ன வயதில் ஒயிட்னரும் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனும். மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வில், முகர்ந்து ஏற்றும் போதை மட்டும்தான் பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகம்: 10 முதல் 17 வயதுக்குள் 1.17 சதவீதம், பெரியவர்களில் 0.58.

உங்கள் வார்டு நிலவரம் யாருக்குத் தெரியும்? என் கணிப்பில், தூய்மைப் பணியாளருக்கு. காலை 6 மணிக்குத் தெருவைக் கூட்டுகிறவருக்குக் காலி அட்டை எங்கே கிடந்தது, சிரிஞ்ச் எந்தச் சந்தில், சொல்யூஷன் டியூப் எந்தச் சுவரோரம் என்று தெரியும். அவரிடம் யாரும் கேட்பதில்லை. துப்புரவு ஆய்வாளர் மூலம் ஒரு சிறு நோட்டுப் போடச் சொல்லுங்கள். தேதி, இடம், கிடந்த பொருள், இவ்வளவுதான். யார் பெயரும் அதில் வேண்டாம். ஊசியைக் கையால் தொடாமல் எடுக்க இடுக்கியும் கெட்டியான டப்பாவும் தடித்த கையுறையும் நகராட்சி கொடுத்தே ஆகவேண்டும். கொடுக்காமல் இந்த வேலையைக் கேட்பது அநியாயம். இரண்டு மாதத்து நோட்டு கையில் இருந்தால், அதிகாரி முன்னால் பேச உங்களுக்கு ஆதாரம் இருக்கிறது.

அடுத்து, இருட்டை வரைபடமாக்குங்கள்

சாயங்காலம் 7 மணிக்கு நாலு பேராக வார்டைச் சுற்றுங்கள், பெண்களும் கூட வரட்டும். எரியாத விளக்குக் கம்பத்தின் எண், பூட்டிக் கிடக்கும் கட்டடம், புதர் மண்டிய காலிமனை, ஆளில்லாத கழிப்பறை என்று ஒரு தாளில் குறியுங்கள். நோட்டில் உள்ள இடங்களும் இந்தத் தாளில் உள்ள இடங்களும் பெரும்பாலும் பொருந்திப்போகும்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். எல்லா இடமும் நகராட்சியுடையது அல்ல. நிலையமும் தண்டவாளமும் ரயில்வேயுடையவை. அங்கே புகார் இருப்புப்பாதைப் போலீசுக்கும் ஆர்பிஎஃப்புக்கும் போகவேண்டும், 139 எண்ணில் சொல்லலாம். ஏரிக்கரை நீர்வளத்துறையுடையது. சிடிஎச் ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது. தெருவிளக்கும் காலிமனையும் பூங்காவும் நகராட்சிப் பொறுப்பு. ஒரே மனுவில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தால், "இது எங்கள் எல்லையில் இல்லை" என்ற ஒரு வரிப் பதிலோடு மொத்தமும் முடிந்துவிடும். துறைவாரியாகப் பிரித்து எழுதுங்கள்.

பூசலார் நாயனார் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிய ஊர் இது. நகராட்சி தீர்மானத்துக்குள்ளேயே விளக்கு எரித்துவிட முடியாது. கம்பத்தில் எரிகிறதா என்று மறுபடி 7 மணிக்குப் போய்ப் பார்க்கவேண்டும்.

பகுதி சபாவில் பதிவாகட்டும்

நகர்ப்புற உள்ளாட்சிகளில் வார்டு குழுவும் பகுதி சபாவும் 2022-ல் நடைமுறைக்கு வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் பம்மலில் ஒரு பகுதி சபாவில் உட்கார்ந்தார். கிராமசபை போல நகரத்து மக்கள் நேரில் கேட்க இருக்கும் வாசல் இதுதான். "போதையை ஒழிக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

"எங்கள் பகுதியில் கீழ்க்கண்ட 6 கம்பங்களில் விளக்கு எரியவில்லை, 15 நாளில் சரிசெய்யவும். இன்ன தெருவின் காலிமனையில் புதரை அகற்ற உரிமையாளருக்கு நோட்டீஸ் அனுப்பவும். விளையாட்டுத் திடல் இரவு 9 மணி வரை திறந்திருக்க விளக்கும் காவலாளியும் ஏற்பாடு செய்யவும். செய்தது என்ன என்று அடுத்த கூட்டத்தில் படிக்கவும்."

கடைசி வரிதான் உயிர். நிதி இல்லை என்றால் "நமக்கு நாமே" திட்டத்தைக் கேளுங்கள். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்களோ உள்ளூர் நிறுவனமோ கொடுத்தால் மீதியை அரசு தரும். பூங்கா, திடல், கேமரா எல்லாம் அதில் செய்ய வழியுண்டு.

கடைகள்

பள்ளிக்கூடச் சுற்றுச்சுவரிலிருந்து 100 கஜத்துக்குள் சிகரெட், புகையிலை விற்கக் கூடாது என்பது 2003-ம் ஆண்டுச் சட்டம். மீறினால் அபராதம் 200 ரூபாய்தான், கடைக்காரர் சிரித்துக்கொண்டே கட்டிவிடுவார். குட்கா வைத்திருந்தால் கதை வேறு. உணவுப் பாதுகாப்புத் துறை முதல் தடவையே 25,000 ரூபாய் அபராதம் போட்டுக் கடையை 15 நாள் மூடும். அதனால் குட்கா புகாரை அந்தத் துறையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு, 94440 42322, அனுப்புங்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு மது, போதைப்பொருள், புகையிலை கொடுப்பது சிறார் நீதிச் சட்டத்தின் 77-வது பிரிவில் 7 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம் என்பதைப் பள்ளியைச் சுற்றியுள்ள எல்லாக் கடைக்காரரிடமும் நேரில் போய்ச் சொல்லுங்கள். பாதிப் பேருக்கு இது செய்தியாகவே இருக்கும்.

மெடிக்கல் ஷாப்காரரை எதிரியாக்காதீர்கள். எச்1 பட்டியல் மருந்தை விற்றால் நோயாளி, மருத்துவர் பெயரோடு பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்கவேண்டும் என்பது விதி. பல மாவட்டங்களில் ஆட்சியர்கள் மருந்துக் கடைகளில் கேமரா வைக்கச் சொல்லி உத்தரவு போட்டிருக்கிறார்கள். சீட்டில்லாமல் கேட்டு மிரட்டுகிற கும்பலால் முதலில் அடிபடுவது அவர்தான். கடைக்காரர்கள் நாலு பேரும் உள்ளூர்க் காவல் நிலையமும் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு போதும், மிரட்டல் குறைய.

மாலை 4 மணி முதல் 9 மணி வரை

என்னைக் கேட்டால் பணத்தில் பெரும்பங்கு பிள்ளைகளின் இந்த நேரத்துக்குத்தான் போகவேண்டும். ஐஸ்லாந்தில் 1998-ல், 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்துக்குள் குடித்து வெறித்திருந்தார்கள். 2016-ல் அது 5 சதவீதம். கஞ்சாவைத் தொட்டவர்கள் 17-லிருந்து 7 ஆனார்கள். அவர்கள் செய்தது என்ன? ஆண்டுதோறும் பள்ளிப் பிள்ளைகளிடம் பெயர் இல்லாத கேள்வித்தாள் கொடுத்து, முடிவை அந்தந்தப் பள்ளிக்கும் நகராட்சிக்கும் சில வாரங்களில் கொடுத்தார்கள். விளையாட்டு, இசை வகுப்புக்குத் தலைநகர நகராட்சி ஒவ்வொரு பிள்ளைக்கும் பணம் ஒதுக்கியது. ராத்திரி 10 மணிக்குமேல் பிள்ளைகள் தெருவில் இல்லாதபடி பெற்றோரே முறைவைத்து ரோந்து போனார்கள்.

நம்மிடம் அவ்வளவு பணமில்லை. ஆனால் பள்ளித் திடல் இருக்கிறது, சாயங்காலம் பூட்டிக் கிடக்கிறது. தலைமை ஆசிரியரிடமும் கல்வித் துறையிடமும் எழுத்தில் அனுமதி வாங்கி, கபடிக்கும் வாலிபாலுக்கும் சிலம்பத்துக்கும் திறந்துவிடுங்கள். பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். அவர்களை எந்தத் திட்டத்திலும் மறந்துவிடுகிறோம். படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பையன் 7 மணிக்குத்தான் வருவான். அவன் வரும்போது விளக்கை அணைத்தால் திடல் இருந்தும் பயனில்லை.

பள்ளியில் எதைச் செய்யக் கூடாது

2022 ஆகஸ்ட் 11 அன்று தமிழ்நாடு முழுக்கப் பள்ளி, கல்லூரிகளில் போதை ஒழிப்பு உறுதிமொழி எடுத்தார்கள். போதைப்பொருள் எதிர்ப்பு மன்றங்களும் வந்தன. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 26-ல் பேரணி. இவற்றில் தவறில்லை, ஆனால் இத்தோடு நிறுத்துவது தவறு. அமெரிக்காவில் 1983-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய டேர் திட்டம் போலீஸ்காரரை வகுப்புக்கு அனுப்பிப் பாடம் நடத்தியது. பல ஆண்டு ஆய்வுகளில் பெரிய பலன் தெரியவில்லை. ஐ.நா.வின் போதைப்பொருள் அலுவலகம் 2013-லும் 2018-லும் வெளியிட்ட தடுப்பு நெறிமுறைகள், பயமுறுத்தும் படம், ஒரு நாள் சொற்பொழிவு, மீண்டு வந்தவரை மேடையேற்றிப் பேசவைப்பது ஆகியவை பயன் தராதவை என்கின்றன. மாத்திரைகளின் பெயரையும் விளைவையும் விரித்துச் சொல்லும் ஸ்லைடு சில பிள்ளைகளுக்கு விளம்பரமாகிவிடும்.

பதிலுக்கு மன்றத்தை ஆண்டு முழுக்க நடத்துங்கள். நண்பன் நீட்டும்போது எப்படி மறுப்பது, கோபத்தையும் தோல்வியையும் எப்படித் தாங்குவது என்று வகுப்பாசிரியரே பயிற்சியாக நடத்தட்டும். திடீரென வருகை குறைந்த மாணவனின் வீட்டுக்கு அந்த வாரமே யாராவது போகட்டும்.

மண்டபமும் பண்ணை வீடும்

பூந்தமல்லி, திருவள்ளூர் பக்கம் பார்ட்டிக்கு வாடகைக்கு விடும் இடங்கள் உண்டு. இப்படிப்பட்ட இடங்களின் வாசலிலேயே தடுக்க வழியுண்டு. ஸ்டாக்ஹோமில் 2001 முதல் கிளப் காவலாளிகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். போதையில் இருப்பதுபோல் நடிக்க ஆட்களை அனுப்பிச் சோதித்தபோது, 2003-ல் 7.5 சதவீதத் தடவைதான் காவலாளி தடுத்தார், 2016-ல் 65.5 சதவீதம். இங்கே உரிமம் கேட்கும்போதும் புதுப்பிக்கும்போதும் நுழைவாயில் கேமரா, வயதுச் சோதனை, காவல் நிலையத்துக்கு முன்தகவல் ஆகியவற்றை நிபந்தனையாகச் சேர்க்கச் சொல்லி நகர்மன்றத்தில் கேளுங்கள்.

தகவல் கொடுப்பது

விற்கிறவரைப் பற்றித் தெரிந்தால் 10581, கட்டணமில்லா எண். வாட்ஸ்அப் 94984 10581. தேசிய அளவில் 1933. இடம், நேரம், வண்டி எண் சொன்னால் போதும். பையைச் சோதனை போடாதீர்கள், பிடித்துக் கட்டி அடிக்காதீர்கள், படம் எடுத்துத் தெருக் குழுவில் போடாதீர்கள். சிறுவனின் அடையாளத்தை வெளியிடுவது சிறார் நீதிச் சட்டப்படி உங்களையே குற்றவாளியாக்கும். விற்கப் பயன்படுத்தப்படும் பிள்ளை என்றால் 1098.

ஏற்கெனவே பழகிவிட்டவன்

இவனை விட்டுவிட்டுப் பேசும் தடுப்புத் திட்டம் பாதித் திட்டம். பெற்றோர் மறைப்பதற்குக் காரணம் அவமானம் மட்டுமில்லை, ஜெயில் பயம். 1985-ம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள்: பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு வந்த அடிமை, தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால் வழக்கிலிருந்து விலக்குப் பெற முடியும். சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்குப் போய்விடலாம். "சிறிய அளவு" என்பது உண்மையிலேயே சிறிது: எம்டிஎம்ஏ அரை கிராம், மெத் 2 கிராம், எல்எஸ்டி ஒரு கிராமில் ஐந்நூறில் ஒரு பங்கு. அதற்கு மேல் போனால் தண்டனை பல மடங்கு. வக்கீலைக் கேட்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஆலோசனைக்கு 14446, மனநல உதவிக்கு 14416, தமிழ்நாடு சுகாதாரத் துறை 104. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் 2025 பிப்ரவரியில் "கலங்கரை" மீட்பு மையத் திட்டம் தொடங்கப்பட்டது. சென்னை இந்திரா நகரில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.ஆர். அறக்கட்டளை மருத்துவமனை குடும்பத்தையும் சேர்த்துச் சிகிச்சை தருவதற்குப் பெயர்பெற்றது. சங்கிலியில் கட்டுவோம், அடித்துத் திருத்துவோம் என்கிற "இல்லங்கள்" பக்கம் போகாதீர்கள். பதிவுச் சான்றைக் கேட்டுப் பாருங்கள்.

யாராவது மயங்கி விழுந்தால், வலிப்பு வந்தால், உடம்பு நெருப்பாகக் கொதித்தால் 108. தனியாக விடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்துத் துணியைத் தளர்த்திக் காற்றோட்டம் கொடுங்கள், வாந்தி எடுக்கவைக்காதீர்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். என்ன எடுத்தான் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும். போலீசுக்குப் பயந்து நண்பர்கள் ஓடிவிடுவதால்தான் சிலர் சாகிறார்கள். இதை மட்டும் பள்ளியிலும் கல்லூரியிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம்.

அடுத்த பகுதி சபா எந்தத் தேதியில் என்று நகராட்சி அலுவலகத்தில் நாளைக்கே கேளுங்கள். மனுவை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் முத்திரை வாங்கிவிட்டு வாருங்கள்.