மூதாதையர் ஊரைத் தேடும் முறை: செங்கற்பட்டு ஆவணங்களும் நேட்டால் கப்பல் பட்டியல்களும்

பாட்டனார் பெயரைக் கேட்டால் நாம் தயங்காமல் சொல்லிவிடுவோம். அந்தப் பாட்டனாருக்குப் பாட்டனார் பெயர் என்ன என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் விழிக்கத்தான் வேண்டும். பிறந்த ஊரிலேயே வாழ்வோர்க்கு இதனால் பெரிய இடர்ப்பாடு ஒன்றும் நேர்வதில்லை. ஊரும் கோயிலும் உறவினரும் கண்முன்னே இருக்கின்றனர். ஆனால் கடல் கடந்து சென்றவர்களின் கொள்ளுப் பேரனுக்கு அந்த ஒரு பெயர் தெரியாவிட்டால் ஊரே இல்லாமற் போகிறது. அத்தகையோர் எந்த ஏட்டைக் கொண்டு, எவ்வழியில், செங்கற்பட்டு மாவட்டத்தின் ஒரு சிற்றூரை வந்தடையலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

1860ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘டுரூரோ’ என்னும் கப்பல் நவம்பர் 16ஆம் நாள் நேட்டால் நாட்டு டர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற முதற் கூட்டத்தினர் அதில் இருந்தனர். 1911இல் இம்முறை நிற்கும்வரை 1,52,184 பேர் நேட்டாலுக்குச் சென்றனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். வட ஆர்க்காடு, சித்தூர், செங்கற்பட்டு முதலிய மாவட்டங்கள் ஆட்களைத் தந்தன. மொரீஷியசுக்கு 1834 முதலே கப்பல்கள் சென்றன. பிஜித் தீவுக்குச் சென்னையிலிருந்து 1903 முதல் சென்றன.

இப்படிச் சென்ற ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டு ஒரு வரி எழுதப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடல் அடையாளம் என்று பல பத்திகள் அவ்வரியில் உண்டு. நெற்றித் தழும்பு, கால் வடு என உடலில் கண்டதையும் எழுதினர். ஓடிப் போனால் பிடிப்பதற்காகவும் கூலிக் கணக்குக்காகவும் எழுதப்பட்டதேயன்றிச் சந்ததியார் அறியட்டும் என்னும் நல்லெண்ணத்தால் எழுதப்பட்டதன்று. எனினும் இன்று சந்ததியார்க்கு உதவுவது அதுவே. நேட்டால் பட்டியல்கள் தென்னாப்பிரிக்க ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அங்குள்ள பல்கலைக்கழகத்தார் அவற்றைக் கணிப்பொறியில் ஏற்றியுள்ளனர். மொரீஷியசு ஏடுகள் மோக்கா நகரில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன. அங்குக் குடியேறியோர் பலரின் புகைப்படங்களும் கிடைக்கின்றன.

இனிப் பெயரை எடுத்துக்கொள்வோம். டர்பனில் இன்று ‘மூட்லி’ என்று எழுதுவது நம் முதலியார், ‘கவெண்டர்’ என்பது கவுண்டர், ‘நாயிடூ’ நாயுடு. நம் நாட்டில் பட்டமாக நின்றது அங்கே குடும்பப் பெயராயிற்று. பட்டமில்லாதவர்களுக்கோ முதலில் சென்றவரின் பெயரே குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. முனுசாமி ‘மூன்சாமி’யாகிப் பிள்ளை பேரன் எல்லோர் பெயருக்கும் பின்னே நிற்கிறார். கடல் கடந்தபின் பட்டத்தை மாற்றிக்கொண்டோரும் உண்டு. ஆகவே குடும்பப் பெயரை நம்பித் தேடுவோர் பெரும்பாலும் வழி தவறுவர். சாதிப் பத்தியில் ‘மலபார்’ என்று கண்டதும் கேரளத்தவர் என எண்ணுவதும் பிழை. அக்கால ஆங்கில எழுத்தர் தமிழரைத்தான் அச்சொல்லால் குறித்தனர். தெலுங்கரை ‘ஜெண்டு’ என்றனர்.

எனவே முதலில் பிடிக்க வேண்டியது ஊரை. ஆனால் ஊர்ப் பெயரிலும் தொல்லை உண்டு. கோவளம் ‘கவ்லாங்’ ஆனதும், காஞ்சிபுரம் ‘காஞ்சீவரம்’ ஆனதும் நாம் அறிந்தவை. அவை பெரிய ஊர்கள். பழைய நிலப்படத்தைப் பார்த்தால் தெளிவாகும். நாவலூரைப் போன்ற சிற்றூர் என்ன பாடுபடும்? பட்டியலில் நாவலூர் என்று படிக்கத்தக்க ஓர் ஊர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பழைய மாமல்லபுரம் சாலையில் சிறுசேரிக்கும் செம்மஞ்சேரிக்கும் அருகே நாவலூர் இருக்கிறது. ஒரகடம் பக்கத்திலும் ஒரு நாவலூர் இருக்கிறது. இரண்டும் பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக்குள்ளேயே அடங்கியவை. திருச்சிக்கருகே நாவலூர் குட்டப்பட்டு. சுந்தரர் பிறந்த திருநாவலூர் வேறு. நாவல் மரம் நின்ற இடமெல்லாம் நாவலூர் ஆகலாம் அல்லவா! இவற்றுள் எது என்பதைத் தாலுகாப் பத்தி சொல்ல வேண்டும். அப்பத்தி வெறுமையாக இருந்தால், அதே கப்பலில் அடுத்தடுத்த எண்களில் உள்ளவர்களின் ஊர்களைப் பார்க்கலாம். உறவினரும் அண்டை ஊராரும் சேர்ந்தே சென்றிருப்பின் எண்களும் அடுத்தடுத்தே அமையும். முன்னும் பின்னும் தாழம்பூர், படூர் என்று வந்தால் ஐயம் பெரும்பாலும் நீங்கிவிடும்.

மாவட்ட எல்லை மாறுவதையும் மறத்தலாகாது. பழைய செங்கற்பட்டு மாவட்டம் 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாயிற்று. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து செங்கற்பட்டு மீண்டும் தனி மாவட்டமாயிற்று. ஆவணம், அது எழுதப்பட்ட நாளில் ஆட்சி எங்கிருந்ததோ அவ்விடத்தைச் சார்ந்து நிற்கும். இன்றைய எல்லை அதற்குத் தெரியாது.

இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. உக்ரைன் நாட்டிலிருந்து அமெரிக்காவுக்கும் பிற நாடுகளுக்கும் சென்ற யூதர்களின் வழியினர் தம் முன்னோரைத் தேடும்போது இதையே எதிர்கொள்கின்றனர். லிவிவ் நகரம் ஆஸ்திரியர் காலத்தில் லெம்பெர்க், போலந்துக்காரருக்கு லுவூஃப், ருசியருக்கு லிவோஃப். இன்றைய ரிவ்னே பகுதி ஊர் ஒன்றின் ஏடு, பழைய வொலீனியா மாகாணத் தலைநகராயிருந்த சித்தோமிரில் கிடைக்கக்கூடும். யூதர்களுக்கும் முன்பு நிலையான குடும்பப் பெயர் கிடையாது. இன்னார் மகன் இன்னார் என்பதே வழக்கம். ருசியப் பேரரசு 1804இல்தான் சட்டமிட்டுக் குடும்பப் பெயர் வைக்கச் செய்தது. 1835 முதல் பிறப்பு, திருமணம், மணவிலக்கு, இறப்பு ஆகியவற்றை ஒரு பக்கம் ருசிய மொழியிலும் மறு பக்கம் எபிரேயத்திலும் எழுதி வைத்தனர். இறந்த பாட்டனார் பெயரைப் பிறந்த குழந்தைக்கு வைக்கும் வழக்கம் அவர்களிடமும் உண்டு. நாமோ அப்படிப் பெயர் தாங்கியவனைப் பெயரன் என்றே அழைத்தோம். ஒரே பெயர் தலைமுறை விட்டுத் தலைமுறை வருவது ஆய்வாளனைக் குழப்பும். சில வேளைகளில் அவனுக்குக் கைவிளக்காகவும் உதவும்.

அவர்களுடைய தேடலில் ஒரு துயரம் உண்டு. 1941 செப்டம்பர் 29, 30 ஆகிய இரு நாள்களில் கீவ் நகரத்துப் பாபின் யார் பள்ளத்தாக்கில் மட்டும் 33,771 யூதர்கள் நாஜிகளால் கொல்லப்பட்டனர். ஊருக்குச் சென்று கேட்கலாம் என்றால் விடை சொல்ல உறவினர் இல்லை. ஏடு ஒன்றே சாட்சி. அவ்வேடுகளும் 2003இல் காமியனெத்ஸ் காப்பகத்தில் நேர்ந்த தீயில் அழிந்தன ஒரு பகுதி. 2022இல் போரின்போது கெர்சோன் காப்பகத்திலிருந்து ருசியப் படையினரால் அள்ளிச் செல்லப்பட்டன மற்றொரு பகுதி.

நம் மாவட்டத்துக்கு வருவோம். 1763இல் ஆர்க்காட்டு நவாபு முகமது அலி இப்பகுதியைக் கும்பெனிக்கு ஜாகீராக அளித்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்டு என்பவர் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களை அளந்தார். இந்த அளவைக்கு அடிப்படையான தமிழ் ஓலைக் கணக்குகளின் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளது. எத்தனை மனை, எவ்வளவு ஏரி, எந்தத் தொழிலாளிக்கு எவ்வளவு மானியம் என்று அவை பேசுகின்றன. நாவலூருக்குத் தெற்கே அதே சாலையில் உள்ள திருப்போரூரின் கணக்கும் வடக்குப்பட்டின் கணக்கும் 2001இல் சென்னைக் கொள்கை ஆய்வு மையத்தாரால் நூலாக வெளிவந்துள்ளன. வரலாற்று மாணவர் ஒவ்வொருவரும் ஒரு முறையேனும் புரட்டிப் பார்க்க வேண்டிய நூல் அது.

அதற்குப் பின் 1858இல் அமைந்த இனாம் ஆணையத்தின் பதிவேடுகள் வருகின்றன. மானியத்தை முதலில் பெற்றவர் யார், இன்று அனுபவிப்பவர் யார், அவர் வயது என்ன, வாரிசு யார் என்றெல்லாம் அவற்றில் பத்திகள் உண்டு. கோயில் அர்ச்சகர், நாவிதர், குயவர், வெட்டியான் முதலிய மானியக்காரர் குடும்பங்களுக்கு இது பெரிய புதையல். நிலவரித் திட்டப் பதிவேடுகளும் சார் பதிவாளர் அலுவலகத்து விற்பனைப் பத்திரங்களும் இவற்றோடு சேரும். ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்று தொடங்கும் பழைய பத்திரம் ஒரு குடும்பத்தின் இரண்டு மூன்று தலைமுறைகளை ஒரே வாக்கியத்தில் தந்துவிடும். கணிப்பொறி நிறுவனங்கள் வந்தபின் நாவலூர்ப் பக்கத்தில் நிலம் பலமுறை கைமாறியுள்ளது. வில்லங்கம் பார்ப்பதற்காகப் புரட்டப்படும் அப்பத்திரங்களில் குடும்ப வரலாறும் அடங்கியிருப்பதை எத்தனை பேர் கருதுகிறார்கள்?

ஆனால் இவையெல்லாம் நிலம் உடையோர் கதை. கப்பல் ஏறியவர்களில் மிகப் பலர் நிலமற்றவர்கள். மிராசு முறை ஓங்கியிருந்த செங்கற்பட்டில் படியாளாகப் பிறர் நிலத்தில் உழைத்தவரின் பெயர் எந்தப் பட்டாவில் வரும்? நான் கருதுவது இதுதான்: அரசு எதன்மீது வரி வாங்குகிறதோ அதை உடையவனின் பெயரைத்தான் எழுதி வைக்கும். ருசியப் பேரரசு தலைவரி வாங்கியது. அதனால் 1719 முதல் 1858 வரை பத்து முறை எடுத்த கணக்குகளில் ஏழையின் பெயரையும் எழுதியது. நம் நாட்டில் நிலவரி; அதனால் பட்டாதாரன் பெயரே நின்றது. கரும்புத் தோட்டத்துக்குத் தேவைப்பட்டது கை. ஆகவே கைக்கு உரியவனின் பெயரைத் தந்தை பெயரோடும் தழும்போடும் எழுதினர். பிறந்த ஊரின் கணக்கில் இடம்பெறாத ஒருவர் டர்பனில் முழுப் பெயரோடு நிற்கிறார். பெண்களின் நிலையும் இதுவே. இங்கே கணவன் பட்டாவுக்குள் மறைந்துபோன பெண், அங்கே தனக்கென ஓர் எண்ணும் பல வேளைகளில் தன் தந்தை பெயரும் உடையவளாக இருக்கிறாள்.

இதனால் இங்கே ஒன்றும் கிடையாது என்று கைவிட வேண்டியதில்லை. செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த டிரெமன்ஹீர் 1891இல் இம்மாவட்டத்துப் பறையர் நிலை குறித்து அறிக்கை எழுதினார். அதன் விளைவாக 1892இல் பிறந்த அரசாணை எண் 1010 தாழ்த்தப்பட்டோர்க்கு நிபந்தனை நிலம் வழங்க வழி செய்தது. பஞ்சமி நிலம் என்று நாம் கேள்விப்படுவது அதுவே. அந்நிலம் பெற்றவர்களின் பெயர்கள், அக்குடும்பங்களில் பலவற்றுக்கு, நிலக் கணக்கில் ஏறிய முதற் பெயர்களாக இருத்தல் கூடும். 1890க்குப் பின் கப்பல் ஏறியவரின் அண்ணனோ தம்பியோ அதில் இருக்கலாம். 1899ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிந்தைய கிராமப் பிறப்பு இறப்புப் பதிவேடுகளும் பயன் தரும். ஆனால் குழந்தைக்குப் பெயர் வைக்குமுன்னே பதிவு செய்ததால் ‘ஆண் குழந்தை’ என்று மட்டுமே காணும் இடங்கள் மிகுதி. அங்குத் தந்தை பெயரைக் கொண்டே நடக்க வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுத் தாள்களைப் பார்க்கச் சட்டம் இடந்தராது.

ஏட்டில் இல்லாத ஒரு சான்றையும் சொல்ல வேண்டும். ஊர்ப் பெயரை மறந்த குடும்பமும் குலதெய்வத்தின் பெயரை மறக்காமலிருப்பதுண்டு. மாரியம்மன், முனீசுவரன் என்னும் பொதுப் பெயர்களால் பயனில்லை. ஒரே ஊருக்குரிய அம்மன் பெயராக இருப்பின், தாலுகா தெரியாத குறையை அது தீர்த்து வைக்கும். வெளிநாட்டிலிருந்து கடிதம் எழுதிக் கேட்போரிடம் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: கப்பல் எண் என்ன? பொங்கல் வைப்பது யாருக்கு?

இப்பணியில் ஈடுபட விரும்பும் மாணவர் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலிருந்து தொடங்கலாம். 1909இல் கட்டப்பெற்ற அக்கட்டிடத்தில் மாவட்டப் பழைய பதிவுகள் உள்ளன. 1763 முதல் 1835 வரையிலான செங்கற்பட்டு மாவட்டப் பதிவுகளுக்குத் தனி வழிகாட்டி நூலும் உண்டு. துறைத் தலைவரின் கடிதத்தைக் கையில் கொண்டு செல்லுதல் நலம். அதற்குமுன் ஒரு விடுமுறை நாளில் தம் ஊரின் பெயர் பழைய நிலப்படத்தில் ஆங்கிலத்தில் எத்தனை வகையாக எழுதப்பட்டுள்ளது என்று பார்த்துக் குறித்து வைக்கட்டும். பழைய கணக்கர் வீட்டுப் பரணில் ஓலைக்கட்டு ஏதேனும் இருந்தால், கரையான் அரிக்குமுன் அதைப் படம் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கட்டும். தாலுகாப் பத்தி வெறுமையாக உள்ள வரிகள் டர்பன் பட்டியலில் உண்டு. அவற்றுள் ஒன்றை நிரப்ப அக்குறிப்பு உதவக்கூடும்.