எழுதக் கற்பித்தல்

எழுத்தறிவித்தல் வேறு; எழுதக் கற்பித்தல் வேறு. முன்னது உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் என்னும் 247 எழுத்துக்களின் வடிவத்தைக் கண்ணுக்கும் கைக்கும் பழக்குவது. பின்னது, மாணாக்கன் தன் உள்ளத்தெழுந்த கருத்தைப் பிறர் ஐயமின்றி உணருமாறு வாக்கியங்களாக அமைக்கும் ஆற்றலை அவனிடத்து உண்டாக்குவது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் விளையும் குறையையும், அதனை நீக்கப் பட்டதாரி ஆசிரியர் பெறவேண்டிய பயிற்சியையும் ஈண்டு ஆராய்வோம். நம் கல்லூரியிற் பட்டம் பெறுவோருட் பலர் ஆசிரியத் தொழிலை மேற்கொள்பவராதலின், இவ்வாராய்ச்சி நமக்குப் புறம்பானதன்று.

எழுத்தறிவிக்கும் முறையில் நம் நாடு பிறர்க்கு வழிகாட்டியதுண்டு. 1789-இல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் பாதிரியார், நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதனைத் தம் பள்ளியிலும் கைக்கொண்டார். தேர்ந்த மாணாக்கர் ஏனையோர்க்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் வகுத்தார். 1797-இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வாயிலாக அது ‘சென்னை முறை’ எனப் பெயர் பெற்று இங்கிலாந்திற் பரவிற்று. ஆயினும், மணலில் எழுதப்பெற்றது ஆசான் சொன்ன எழுத்தேயன்றிப் பிள்ளையின் சொந்தக் கருத்தன்று.

நம் காலத்திலும் முதற்படியிற் பெருமுயற்சி நிகழ்ந்துள்ளது. 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கப்பெற்றது. எட்டு வயதிற்குட்பட்ட பிள்ளைகள் யாவரும் 2025-க்குள் படிக்கவும் எழுதவும் அடிப்படைக் கணக்குச் செய்யவும் வல்லராதல் வேண்டும் என்பது அதன் நோக்கம். அரும்பு, மொட்டு, மலர் எனப் பிள்ளைகளின் நிலையை வகுத்து, அதற்கேற்பப் பயிற்சி நூல்களும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்குப் பயிற்சியும் அளித்தனர். எழுத்தறிந்த அப்பிள்ளையை ஆறாம் வகுப்பில் ஏற்பவர் பட்டதாரி ஆசிரியர். எழுதக் கற்பிக்கும் பொறுப்பு அவரையே சார்கின்றது.

அவர் பெறும் பயிற்சி யாது? தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிகளால் பி.எட். படிப்பு இரண்டாண்டாக நீட்டப்பெற்றது. பள்ளியிற் பயிலும் காலம் 20 வாரமாயிற்று. தொழில் திறனை வளர்க்க அப்பொழுது வகுக்கப்பெற்றவை நான்கு பாடங்கள்: நூல்களைப் படித்துச் சிந்தித்தல், நாடகமும் கலையும், கணினி வழித் தொடர்பு, தன்னையறிதல். படித்ததைப்பற்றி எழுதுதல் முதற் பாடத்துள் அடங்கும். எனினும் படித்தலுக்குக் கிடைத்த தனிப்பெயர் எழுதுதலுக்குக் கிட்டவில்லை.

இதனால் வரும் இடர்ப்பாட்டை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை அடுத்த பள்ளியொன்றைக் கருதுக. ஆந்திர எல்லை அருகிருத்தலின் தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளைகளும், பிழைப்பு நாடி வந்த ஒரியா, இந்தி பேசுவோரின் மக்களும், இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வருவோரும் ஒரே வகுப்பில் அமரக்கூடும். ‘என் தந்தையின் தொழில்’ பற்றி எழுதுமாறு பணித்தவிடத்து, ஒரு சிறுவன், ‘எங்க அப்பா சூளையில கல்லு அறுக்குறாரு, மழ வந்தா கூலி இல்ல’ என்று எழுதுகின்றான் எனக் கொள்வோம். பிழையொன்றையே காணும் ஆசிரியர் ஒவ்வொரு சொல்லையும் சிவப்பு மையாற் சுழிப்பர். மறுமுறை அச்சிறுவன் நோட்டுப் புத்தகத்தில் உள்ளதைப் பார்த்தெழுதித் தப்புவான். பயிற்சி பெற்றவரோ, அவ்வரியிற் காரணமும் காரியமும் செவ்வனே இயைந்திருத்தலைக் காண்பர். ‘கூலியில்லாத நாளில் வீட்டில் என்ன செய்வீர்கள்?’ என்று வினவி மேலும் நான்கு வரி எழுதச் செய்வர். அதன் பின்னரே ‘அறுக்கிறார்’, ‘மழை வந்தால்’ என எழுத்து வழக்கைக் காட்டுவர். வேற்றுமொழிப் பிள்ளையாயின், முதலில் அதன் மொழியிற் சொல்லவிட்டுப் பின் தமிழிற் சிறு வாக்கியங்களாக்குவர். கருத்து முன்னர், திருத்தம் பின்னர் என்பதே முறை.

இத்திறம் விரிவுரை கேட்பதால் மட்டும் வாராது. நீந்தாதவன் நீச்சல் கற்பிக்க இயலாதவாறு போல, எழுதாதவர் எழுதக் கற்பித்தல் அரிது. 1974-இல் அமெரிக்காவின் பெர்க்லி நகரிற் ஜேம்ஸ் கிரே தொடங்கிய ஆசிரியர் பயிற்சி இக்கொள்கையையே அடிப்படையாகக் கொண்டது: கோடை விடுமுறையில் ஆசிரியர்கள் கூடித் தாமே எழுதினர், ஒருவர் அனுபவத்தை மற்றவர் கற்றனர்.

நம் பயிற்சிக் கல்லூரிகளிலும் மூன்று பழக்கங்கள் வேண்டும். முதலாவது, வாரந்தோறும் ஒரு பக்கம் எழுதித் தோழர் முன் படித்தல். இரண்டாவது, ஒரே மாணாக்கனது கட்டுரையைப் பலர் தனித்தனியே திருத்தி ஒப்பிடுதல். மூன்றாவது, பள்ளியிற் பயிலுங் காலத்தில் ஒரு பிள்ளையின் முதல் வரைவு தொடங்கி இறுதி வரைவு ஈறாகப் பாதுகாத்து, எவ்வினாவால் எம்மாற்றம் விளைந்தது எனக் குறித்தல். நாற்பது பிள்ளைகளின் கட்டுரையை எங்ஙனம் பார்ப்பது என்பார் உளர். வாரத்திற் பத்தாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு பிழைகளை மட்டும் எடுத்துக்காட்டின், மாதத்தில் அனைவரையும் ஒருமுறை காணலாம்.

இஃது மதிப்பெண் பற்றிய செய்தி மட்டுமன்று. இயந்திரத்தில் கை நசுங்கிய தொழிலாளி, நடந்ததை நடந்தபடி எழுத இயலாதவனாயின், பிறர் எழுதிய தாளிற் கையெழுத்திடுவதன்றி அவனுக்கு வேறு வழியில்லை. கையெழுத்திடக் கற்பித்ததோடு நில்லாது, அதற்கு மேலுள்ள வரிகளையும் அவனே எழுதுமாறு செய்தல் நம் கடமையாகும்.