கூனிய முதுகும் குறுகிய மூச்சும்

பீடி சுற்றும் குடும்பத்துத் தம்பதிகளே!

மடியில் சுளகை வைத்துக் குனிந்துவிட்டால், எண்ணிக்கை ஏறும் வரை தலை நிமிர நேரம் கிடைப்பதில்லை. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று பேசப்படுவதால், கை நின்றால் காசும் நின்றுவிடுகிறது. சாயங்காலம் எழுந்திருக்கும்போது, "நடு முதுகு கடுக்குதுங்க, மூச்சை நல்லா இழுத்து விட முடியலை" என்று மனைவி சொல்வதும், "உக்காந்த இடத்துல செய்யற வேலைதானே?" என்று கணவர் கேட்பதும் பல வீடுகளில் நடப்பதுதான். உட்கார்ந்து செய்யும் வேலை லேசான வேலை அல்ல, ஐயா. காரணத்தைக் கேளுங்கள்.

கழுத்துக்கும் இடுப்புக்கும் இடையில் உள்ள முதுகில் 12 முள்ளெலும்புகள் இருக்கின்றன. அவற்றோடு 12 ஜோடி விலா எலும்புகள், கீல் போட்ட கதவு போலப் பொருந்தியிருக்கின்றன. மூச்சை இழுக்கும்போது இந்தக் கீல்கள் அசைந்து விலா விரிய வேண்டும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானம் என்ற தசைத் திரை கீழே இறங்க வேண்டும். கூனி உட்கார்ந்தால் விலா விரிய இடமில்லை. வயிறு மடங்குவதால் திரை இறங்கவும் இடமில்லை. மூச்சு மேல் நெஞ்சோடு நின்றுவிடுகிறது. நாளாக ஆகக் கீல்களும் இறுகிப்போகின்றன.

வலி தாங்காமல் குப்புறப் படுத்து, பிள்ளையை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்கிறீர்கள். வேண்டாம். அப்போதைக்குச் சுகமாக இருக்கும். ஆனால் பிள்ளையின் கால் எங்கே அழுத்தும் என்று யார் கண்டது? வயதானவர்களுக்கு எலும்பு பலமிழந்திருந்தால் முள்ளெலும்பே நொறுங்கக்கூடும்.

நகரத்து உடற்பயிற்சிக் கூடங்களில் இதற்கென்று நுரைப்பஞ்சு உருளை வைத்திருக்கிறார்கள். அதை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. வீட்டில் உள்ள பழைய ஜமுக்காளத்தை இறுக்கமாகச் சுருட்டி, மூன்று இடத்தில் கயிறு கட்டுங்கள். நான்கு அங்குலக் கனம் போதும். முதல் வாரம் துண்டைச் சுருட்டி மெல்லிய உருளையாக வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, தரையில் பாய் விரித்து மல்லாந்து படுங்கள். முழங்காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் ஊன்றுங்கள். தோள்பட்டை எலும்பின் கீழ் முனைக்கு நேராக, உருளை குறுக்காக இருக்கட்டும். இரண்டு கையாலும் பின்தலையைத் தாங்குங்கள், கழுத்து தொங்கக்கூடாது. மூக்கால் மூச்சை இழுத்து, விடும்போது மேல் முதுகை மெதுவாக உருளையின் மேல் சாய விடுங்கள். பின்புறம் தரையை விட்டு எழும்பக்கூடாது. மூன்று மூச்சு ஆனதும் உருளையை இரண்டு அங்குலம் மேலே நகர்த்திச் செய்யுங்கள். பிறகு இன்னும் ஒரு முறை. கழுத்துக்கு அடியிலும் இடுப்புக்கு அடியிலும் உருளையைக் கொண்டுபோக வேண்டாம். இழுத்துப் பிடிப்பது போல இருந்தால் சரி. சுருக்கென்று குத்தினால் நிறுத்திவிடுங்கள்.

பிறகு உருளையை எடுத்துவிட்டு, அப்படியே படுத்தபடி இரண்டு கைகளையும் கீழ் விலாவின் இரு பக்கமும் வையுங்கள். மூச்சை இழுக்கும்போது கைகள் விலகுகின்றனவா என்று பாருங்கள். தோள் மட்டும் தூக்கினால் அது பழைய மூச்சுதான். பத்து முறை, அவசரமில்லாமல். எழும்போது ஒருக்களித்துக் கையை ஊன்றி எழுங்கள்.

இதில் கணவருக்கும் வேலை உண்டு. உருளையைச் சரியான இடத்தில் வைத்து நகர்த்துவதும், அந்தப் பத்து நிமிஷம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு. அடுத்த முறை அவர் படுக்கட்டும். மண்வெட்டி பிடிக்கிறவர் முதுகும், மூட்டை தூக்கிறவர் முதுகும் இறுகித்தான் கிடக்கும்.

பயிற்சி பத்து நிமிஷம், குனிவது பத்து மணி நேரம் என்றால் கணக்கு ஒத்துவராது. ஆகவே சுவரோரமாக, மடித்த சாக்கின் மேல் உட்காருங்கள். மடியில் ஒரு தலையணை வைத்து அதன் மேல் சுளகை வைத்தால், பாதிக் குனிவு குறையும். நூறு பீடிக்கு ஒரு முறை எழுந்து கையை மேலே தூக்கி மூன்று மூச்சு விடுங்கள். கூலி ஒன்றும் குறைந்துவிடாது.

கர்ப்பிணிகளும், சிசேரியன் ஆனவர்களும், கீழே விழுந்து முதுகில் அடிபட்டவர்களும், எலும்பு பலமிழந்த முதியவர்களும் டாக்டரைக் கேட்காமல் உருளையில் படுக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். புகையிலைத் தூளால் வரும் இருமலை உருளை போக்காது. தூளைச் சமைக்கும் இடத்திலும் பிள்ளை தூங்கும் இடத்திலும் வைக்காதீர்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே பால் கொடுங்கள். நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்கி, கண்ணும் நாக்கும் வெளுத்திருந்தால் அது இரத்தசோகையாக இருக்கலாம். இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், உடல் மெலிவு, சளியில் இரத்தம் இவற்றில் எது இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம். முதுகில் ஒரே இடத்தில் இரவிலும் விடாத வலியோ, கால் மரத்துப்போவதோ இருந்தால் பயிற்சியை விட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள். நெஞ்சை அழுத்தி வியர்த்துக் கொட்டினால் உடனே 108-ஐ அழையுங்கள்.

உருளையை எப்படி வைப்பது என்று சந்தேகம் இருந்தால், கிராம சுகாதாரச் செவிலியர் உங்கள் தெருவுக்கு வரும் நாளில் ஜமுக்காளத்தை எடுத்துக்கொண்டு இரண்டு பேருமாக வாருங்கள்.