மருமகளுக்கு, ஒரு கல்தேடியைப் பற்றி

பண்பொழி

அன்புள்ள மருமகளே,

படிப்பை முடித்து அகழாய்வுக்குப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். பெருமை பாதி, கவலை பாதி. “வெயில்ல அலையுற வேலையாமே, குடும்பம் நடத்த முடியுமாண்ணே?” என்று கேட்டாள். கல்வெட்டுப் படியெடுத்தே காலத்தைக் கழித்தவன் நான். என்னிடம் கேட்டால் என்ன சொல்வேன்? அவளுக்கும் உனக்குமாகச் சேர்த்து ஒரு மனுஷனைப் பற்றி எழுதுகிறேன்.

ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863 மே 30, பல்லாவரம், இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி என்று பாடத்தில் படித்திருப்பாய். தேர்வுக்கு அது போதும். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அதற்கு அடுத்த நான்கு மாதங்களுக்காக. பல்லாவரத்துக் கைக்கோடரி, சரளைக் குழியில் வெட்டி வெளியே கொட்டிய குவியலில் கிடந்தது. எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ‘முதல் ஆள்’ என்ற பெயர் கிடைத்தாயிற்றே என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை. செப்டம்பரில் வில்லியம் கிங்கோடு கொற்றலையாற்றுப் பக்கம் போய், அத்திரம்பாக்கத்தில் கருவிகளைச் சரளை அடுக்குகளோடு சேர்த்துப் பார்த்து எழுதினார். எழுதி வைத்ததால்தான் அந்த இடம் பிழைத்தது. பின்னாளில் சாந்தி பாப்பு குழுவினர் அங்கேயே தோண்டி, அடிமட்டக் கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-இல் வெளியிட்டார்கள்.

ஆகவே, எதைக் கண்டாலும் முதலில் கையைக் கட்டிக்கொள். படம் எடு, இடத்தைக் குறி, பக்கத்தில் என்ன கிடக்கிறது என்று எழுது. பிறகு எடு. பையில் போட்டுக் கொண்டுவந்த கல்லுக்கு ஊரும் இல்லை, உறவும் இல்லை.

ஃபூட் தொல்லியல் படித்தவர் இல்லை. 1858-இல் 24 வயதில் புவியியல் ஆய்வுத் துறைக்கு வந்த பாறைக்காரர். வருஷத்தில் பல மாதம் கூடாரத்தில்தான் வாசம். நம்ம திருநெல்வேலிச் சீமையின் பாறைகளையும் தேரி மணலையும் பற்றி 1883-இல் அறிக்கை எழுதினார். சாயர்புரம் தேரியில் நுண்கற்கருவிகளைக் கண்டவரும் அவர்தான். அந்தக் கண் எப்படி வந்தது என்கிறாய்? நடந்து வந்தது. நீயும் அடுத்த தடவை வரும்போது திருமலைக்கோயில் அடிவாரத்திலிருந்து மேக்கரை வரை மெதுவாக நட. ஓடையில் உருண்டது எது, மலையிலிருந்து சரிந்தது எது, வரப்புக்கு யாரோ கொண்டுவந்து போட்டது எது என்று சொல்லிப் பழகு. ஆள் உடைத்த வெங்கச்சங்கல்லைக் கண்டுகொள்ள, தானாக உடைந்ததை ஆயிரக்கணக்கில் பார்த்திருக்க வேண்டும். நல்ல மழை மண்ணைக் கழுவிவிட்ட மறுநாள், வெயில் சாய்வாக விழும் நேரம் உத்தமம். ட்ரோன் படமெல்லாம் அதற்குப் பிறகு.

வெள்ளைக்காரத் துரைக்கு என்ன, கூடாரம் தூக்க ஆள் இருந்தது என்பாய். நியாயம்தான். தூக்கியவர்கள் பெயர் வரலாற்றில் நிற்கவில்லை. அந்தக் குறையை உன் நோட்டில் வைக்காதே. குழியில் மண் அள்ளும் அக்காமார் பெயரை எழுது; எந்தப் பொருள் யார் கண்ணில் முதலில் பட்டது என்றும் எழுது.

இனி உன் அம்மாவின் கேள்வி. ஃபூட்டின் மாமனார் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரோடு விவிலியத்தைத் தமிழாக்கியவர், ஆயிரக்கணக்கில் தமிழ்ப் பழமொழி திரட்டியவர். மாமனார் சொல் பொறுக்க, மருமகன் கல் பொறுக்க, அந்த வீட்டுச் சாப்பாட்டுப் பேச்சைக் கேட்க எனக்கு ஆசை! 1884-இல் கர்நூல் பக்கம் பில்லசுர்க்கம் குகைகளில் ஃபூட் தொடங்கிய அகழாய்வைத் தொடர்ந்து நடத்தியது வேறு யாருமில்லை, அவர் மகன் ஹென்றி, பீரங்கிப்படை அதிகாரி. ஓய்வுக்குப் பிறகு ஃபூட்டுக்கு ஏற்காட்டில் வீடு. அங்கேயும் சேர்வராயன் மலையில் கற்கோடரி தேடினார். 1912 டிசம்பரில் கல்கத்தாவில் இறந்தார். சாம்பல் ஏற்காட்டுத் தேவாலயத்தில் இருக்கிறது. வேலையை வீட்டுக்கு வெளியே பூட்டி வைக்காத ஆள். நீயும் என்ன செய்கிறாய் என்பதை வீட்டில் சொல்லு. மண்ணடுக்கு என்றால் என்னவென்று அம்மாவுக்குப் புரியும்படி சொல்ல வராவிட்டால், உனக்கே இன்னும் புரியவில்லை என்று வைத்துக்கொள்.

அவர் சேகரிப்பு எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எது எங்கே கிடைத்தது என்று விவரமாக அவர் எழுதிய பட்டியல்கள் அவர் மறைந்த பிறகு, 1914-இலும் 1916-இலும் அச்சாயின. பொதிகை ரயில் ராத்திரிதானே கிளம்பும். ஊருக்கு வரும் அன்றைக்குப் பகலில் போய்ப் பார். பட்டியலையும் கையில் வைத்துக்கொள். நம்ம தேரிப் பக்கத்துச் சில்லுகள் அதில் எந்தப் பக்கத்தில் வருகின்றன என்று குறித்துக்கொண்டு வா, எனக்கு வேண்டும்.

அன்புடன்,
மாமா