கணபதி நாரங்காய்

கோட்டுகால், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிறார்கள். ஒரே காய்க்கு இரண்டு மூன்று பெயர்கள் உண்டு. பெரிய, சொரசொரப்பான, தோல் தடித்த எலுமிச்சை போன்ற காயைப் பார்த்திருப்பீர்கள். மலையாளத்தில் அதன் மரம் கணபதி நாரகம். தமிழில் சிலர் கடாரங்காய் என்பார்கள். சிலர் நாரத்தை என்றே சொல்லிவிடுவார்கள். உங்கள் வீட்டில் என்ன பெயர்? எழுதிப் பாருங்கள்.

பெயர் குழம்பினால் சந்தையில் காசு வீணாகும். சாறு பிழியலாம் என்று நம்பி இதை வாங்கினால் ஏமாற்றம்தான். இதில் தோல்தான் அதிகம். சுளை சிறிது, சாறு மிகக் குறைவு, விதை நிறைய. வடமொழியில் இதற்கு 'பீஜபூரம்' என்று பெயர். விதை நிறைந்தது என்று பொருள்.

மரத்தை இலையை வைத்து அறியலாம். நாரத்தை இலையின் காம்பில் குட்டி இலை ஒட்டியது போல ஒரு சிறகு இருக்கும். கணபதி நாரகத்தில் அந்தச் சிறகு இல்லை என்றே சொல்லலாம். இலை ஓரத்தில் சிறு பற்கள் உண்டு. இளந்தளிரும் மொட்டும் ஊதா கலந்த நிறம். முள்ளும் உண்டு, பறிக்கும்போது கவனம்! மரம் குட்டையானது. கிளையை வெட்டி நட்டாலே வேர் பிடித்துவிடும்.

இதன் பூர்வீகம் இமயமலை அடிவாரம். அங்கிருந்து பாரசீகம் வழியாக மேற்கே போனது. சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் இதைப் பற்றி எழுதினார். துணிப்பெட்டியில் வைத்தால் பூச்சி அரிக்காது என்றார். யூதர்கள் இன்றும் தங்கள் கூடாரப் பண்டிகையில் இந்தக் கனியைக் கையில் ஏந்துகிறார்கள். எலுமிச்சை வகைகள் பலவற்றுக்கு இது மூதாதை. கோலாப்பூர் மகாலட்சுமியின் கையிலும் இதுதான் இருக்கிறது.

நம் வீடுகளில் இது ஊறுகாய்க்குத்தான். காயைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, துண்டுகளாக நறுக்குவார்கள். உப்பு சேர்த்துப் பரணியில் போட்டுத் தினமும் குலுக்குவார்கள். பகலில் வெயிலில் காயவைத்து, இரவில் அதே உப்புநீரில் போடுவார்கள். நீர் வற்றும்வரை இப்படியே. அலுமினியப் பாத்திரம் கூடாது. புளிப்பு அதை அரித்துவிடும். உள்ளே உள்ள வெள்ளைச் சதை அதிகம் கசக்காது. அதனால் அதை எறிய வேண்டாம்.

காய்ச்சல் விட்டபின் நாக்குக்கு ருசி வர, கஞ்சியுடன் ஒரு துண்டு கொடுப்பது பழைய வழக்கம். குமட்டலுக்கும் இதை வாயில் ஒதுக்கிக்கொள்வார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் வீட்டில் இரத்த அழுத்தம் உள்ளவர் இருக்கிறாரா? ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது சுமார் ஒரு தேக்கரண்டி. குழம்பு, பொரியல், அப்பளம் எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. உப்பில் ஊறிய காய் 'மருந்து' என்று அவருக்குத் தினமும் வைத்தால் அழுத்தம் கூடும். அவருக்கு உப்புப் போடாத காயின் தோலைச் சீவி, மோரில் சிறிது போட்டுக் கொடுக்கலாம். வாசனையும் ருசியும் அதிலும் உண்டு.