வாடகைக் கடையை வாங்கும் உரிமை: வாய்ப்பேச்சு போதாது

வாடகைக் கடையில் பல வருடம் பாடுபட்டு, அந்த இடத்துக்கே ஒரு பெயரை உண்டாக்கிய பிறகு, "கடையை விற்கப்போகிறோம், காலி செய்து தாருங்கள்" என்று சொன்னால் நமது நிலை என்ன? நானும் ஒரு முறை இப்படி மாட்டிக்கொண்டவன்தான். "விற்பதானால் உமக்குத்தான் தருவேன்" என்று உரிமையாளர் வாயால் சொன்னதை நம்பியிருந்தேன். அவர் வபாத்தானதும் பிள்ளைகள் வேறொருவருக்கு விற்றுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. என் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இருக்கவில்லை.

இதற்குரிய வழிதான் லீஸ் ஒப்ஷன். அதாவது, குறிப்பிட்ட காலத்துக்குக் குத்தகைக்கு எடுப்பதோடு, அக்காலத்துக்குள் முன்கூட்டியே பேசிய விலைக்கு வாங்கும் உரிமையையும் பெற்றுக்கொள்வது. வாங்குவது நமது விருப்பம். நாம் வாங்க விரும்பினால் விற்பது உரிமையாளரின் கடமை.

ஓர் உதாரணம் பார்ப்போம். கடையின் விலை 100 இலட்சம், காலம் 3 வருடம் எனப் பேசி, உரிமைப் பணமாக 3 இலட்சம் கொடுக்கிறீர்கள். வாங்கினால் அது விலையில் கழியும் என்பது ஒப்பந்தம். 3 வருடத்தில் விலை 125 இலட்சமாக ஏறினாலும், மீதி 97 இலட்சத்தைக் கொடுத்து வாங்கலாம். 90 இலட்சமாக இறங்கினால் வாங்காமல் விடலாம்; நட்டம் 3 இலட்சத்தோடு நின்றுவிடும்.

உரிமையாளரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2022ஆம் ஆண்டு ரூபாவின் பெறுமதி சரிந்ததை நாம் கண்டோம். அதற்கு முன் பேசிய விலைக்கு எவர் மனமுவந்து விற்பார்? ஆகவே வருடா வருடம் விலை எவ்வளவு கூடும் என்பதையும் எழுதிக்கொள்வது இருவருக்கும் நியாயம்.

இனி, கவனிக்க வேண்டியவை:

1. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை உடன்படிக்கையும் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையும் நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு கைச்சாத்திடப்பட வேண்டும். முத்திரை ஒட்டிய வெறும் கடிதம் செல்லாது.

2. உறுதியைக் காணிப் பதிவகத்தில் உடனே பதியுங்கள். பதியாமல் வைத்திருந்து, பின்னர் வாங்கிய ஒருவர் தன் உறுதியை முந்திப் பதிந்துவிட்டால், உங்கள் உரிமை பறிபோகலாம்.

3. பணம் கொடுக்குமுன் பதிவேட்டைத் தேடிப்பாருங்கள். கடை ஏற்கனவே வங்கிக்கு ஈடு வைக்கப்பட்டிருந்தால் வங்கியின் உரிமையே முந்தும்.

4. விலை, கடைசித் திகதி, எழுத்தில் அறிவிக்கும் முறை, வாரிசுகளையும் கட்டுப்படுத்தும் வாசகம் ஆகிய நான்கும் உறுதியில் இருக்கட்டும்.

இன்னொன்று. வாங்காவிட்டால் திரும்பக் கிடைக்காத முற்பணத்தை, அதாவது அர்பூனை, ஷாபிஈ மத்ஹப் ஏற்பதில்லை. ஹன்பலி மத்ஹப் அனுமதிக்கிறது. உரிமையை மட்டும் தனியே பணத்துக்கு விற்பதிலும் உலமாக்களிடம் ஆட்சேபம் உண்டு. எனவே சட்டத்தரணியிடம் போகுமுன் ஓர் ஆலிமிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நொத்தாரிசுக்குக் கொடுக்கும் கட்டணத்தைச் செலவென்று எண்ணாதீர்கள். அந்தச் செலவைச் செய்யாததால் நான் இழந்தது ஒரு கடையை.